நான்கு தாத்தாக்களும் ஒரு பெருங்காய டப்பாவும்

"பார்மசிதான் படிக்கணும்னு ஏன் தாயி ஒத்தக் கால்ல நிக்கிற?"

சாப்பிட்டுக்கொண்டே காசிமாயன் இதைக் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

"ஒங்க பெருங்காய டப்பாதான்பா காரணம்" என்றாள் மகள் வேல்விழி.

காசிமாயனுக்குச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது. மனைவி கருத்தம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அது இறங்கியது. வேல்விழி மேலே ஏதோ விளக்கப் போனாள். "வேணாம். நீ வாயத் தொறக்காத. இத அந்த இன்டர்வியூ ரூம்ல மட்டும் சொல்லிறாத" என்று எழுந்தே விட்டார். அந்த ஒரு நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் பயந்தவன் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான்?

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். அதில் பதினோரு வருஷம் லைன் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின், நாற்பது டெய்லர். அவருடைய மேஜை டிராயரில், அளவு டேப்புக்கும் கத்தரிக்கும் பின்னால், ஒரு பழைய பெருங்காய டப்பா இருக்கும். அதில் பெருங்காயம் கிடையாது, வாசனை மட்டும் உண்டு. உள்ளே இருப்பது வெள்ளை மாத்திரை.

தலைவலி, இடுப்பு வலி, மாதத்தில் மூன்று நாள் வரும் வலி, எது என்று வந்தாலும் காசிமாயன் ஒரு வெள்ளை மாத்திரையைக் கையில் வைப்பார். "முழுங்கு. அந்த அட்டைப்பெட்டி மேல பத்து நிமிசம் உக்காரு. கரையணும்ல." பத்து நிமிஷம் ஆனதும் அந்தப் பெண் எழுந்து மெஷினுக்குப் போய்விடுவாள். லீவு கிடையாது, அரை நாள் பெர்மிஷன் கிடையாது, டார்கெட் குறையாது. "எங்க லைன்ல மட்டும் யாரும் வலின்னு வீட்டுக்குப் போனதில்ல" என்று அவர் டீக்கடையில் பெருமையடித்துக்கொள்வது வழக்கம்.

பெருமை டீக்கடையோடு சரி. சூப்பர்வைசர் யாருக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது, நர்ஸ்தான் கொடுக்க வேண்டும் என்பது துணி வாங்கும் வெளிநாட்டு பையர் போட்ட சட்டம். கம்பெனியில் நர்ஸ் ரூமும் இருந்தது. பையரின் ஆள் ஆடிட் என்று சோதனை போட வரும் நாளில் நர்ஸும் இருப்பார். மற்ற நாளில் பூட்டு இருக்கும். மாத்திரை அட்டை ஒன்று குப்பையில் கிடந்தாலும் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்று காசிமாயன் அட்டையையே கம்பெனிக்குள் கொண்டுவருவதில்லை. சனிக்கிழமைதோறும் வேல்விழி மெடிக்கலில் மாத்திரை வாங்கி, வீட்டிலேயே அட்டையைப் பிரித்து, டப்பாவில் கொட்டிக் கொடுப்பாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது அவள் வேலை.

இப்போது அதே பையர், தொழிலாளர் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நாலு வருஷ பார்மசிப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்லியிருந்தார். வருகிற சனிக்கிழமை கம்பெனியிலேயே இன்டர்வியூ. கேள்வி ஒன்றே ஒன்று, பார்மசி ஏன் படிக்க விரும்புகிறாய் என்பதுதான் என்று செய்தி கசிந்திருந்தது. கேட்கப் போகிறவர்கள் மூன்று பேர். ஒரு பார்மசிக் கல்லூரியின் பிரின்சிபால் மேடம், கம்பெனி ஹெச்.ஆர். மேனேஜர் பிரதீப், மூன்றாவதாக பையர் ஆபீஸிலிருந்து பெங்களூர்க்காரர் ஒருவர். ஆடிட்டுக்கு வருகிற அதே ஆள். அவர் முன்னால் மகள் போய் டப்பா என்று வாயைத் திறந்தால், மகளுக்குப் படிப்பும் அப்பனுக்கு வேலையும் ஒரே நாளில் போய்விடும்.

காசிமாயனுக்கு ஆடிட் என்றால் பழக்கம் உண்டு. எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்ல வேண்டும், தண்ணீர் எங்கே என்று கேட்டால் வடக்கு மூலை என்று சொல்ல வேண்டும். இப்படி நாற்பது பேருக்கு உருப்போட வைத்து ஒருவர்கூடத் தடுமாறாமல் பாஸ் பண்ண வைத்தவர். ஒரு மகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா? உட்கார்ந்து எழுதினார்:

'என் தாத்தா சரியான மருந்து கிடைக்காமல் இறந்தார். அந்த நிலை இனி யாருக்கும் வரக் கூடாது என்பதால் பார்மசி படிக்க விரும்புகிறேன்.'

படித்ததும் அவருக்கே கண் கலங்கியது. வேல்விழிக்குக் கலங்கவில்லை.

"தாத்தா போன வாரம்தான்ப்பா போன் பண்ணாரு. ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரத்துல ஏறுனேன்னு சொன்னாரு."

"அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. நீ சொல்லு" என்றார் காசிமாயன்.

கருத்தம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. செத்தது யாருடைய அப்பா, உங்கப்பாவா எங்கப்பாவா என்று முதலில் தெளிவாகச் சொல்லும்படி கேட்டாள். அதை எழுத வேண்டிய அவசியமில்லை என்று அவர் சமாளித்தார்.

எழுதியது அவர் கையெழுத்தில் கோழி கிளறின மாதிரி இருந்ததால், மறுநாள் பேக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் குகனிடம் கொடுத்து அழகாக டைப் செய்து தரச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. ஆடிட்டுக்கு முன்னால் இப்படி விடை எழுதிய தாள் வந்தால், டைப் அடித்து, ஜெராக்ஸ் போட்டு, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் கொடுப்பதுதான் குகன் ஏழு வருஷமாகச் செய்துவரும் வேலை. இந்தத் தாளையும் அப்படியே செய்தான். சனிக்கிழமை காலையில் கேட்டில் பார்த்தபோது அவனே சிரித்த முகமாகச் சொன்னான்.

"இன்டர்வியூக்கு வர்ற ஆறு ஊட்டுக்கும் ஒவ்வொரு காப்பி குடுத்துட்டனுங்ணா. உங்க பேரும் கெட்டுப் போகக் கூடாதுங்களே, அதனால ஹெச்.ஆர். சொல்லுச்சுன்னு சொல்லியிருக்கறனுங்க."

 டிரெயினிங் ரூமுக்கு வெளியே பெஞ்சில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்து, ஆறு உதடுகள் அசைய ஆறு தாத்தாக்களைச் சாகடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளதைச் சொன்னால் அந்த ஆறு பேரில் யாரும் தாத்தாவுக்காக வரவில்லை. கட்டிங் மாஸ்டர் சீனிச்சாமியின் மகளுக்குக் காலேஜ் பஸ் வீட்டு வாசலிலேயே நிற்கும். செக்கிங்கில் இருக்கும் ஆரோக்கியராஜின் மகனுக்கு நீட் எழுதாமல் வெள்ளைக் கோட்டு கிடைக்கும். இன்னொரு பெண் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவாள், அதனால் நர்ஸிங் வேண்டாம் என்று இங்கே வந்தவள். அயர்ன் மாஸ்டர் இசக்கிமுத்துவின் மகன் முனீஸ் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஏசிக்குக் கீழே சுற்றும் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

காசிமாயன் சீனிச்சாமியைத் தனியே இழுத்துப் போய், உங்கள் மகளை வேறு ஏதாவது சொல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

"மூணு நாளா உருப்போட்டு வெச்சிருக்கா. இப்பப் போயித் தாத்தாவ எப்பிடி எழுப்பி உக்கார வெக்கிறது?" என்றார் சீனிச்சாமி.

இசக்கிமுத்துவோ கையெடுத்துக் கும்பிட்டார். இப்போது மாற்றினால் தன் மகன் குழம்பிப்போய்த் தாத்தா பாட்டி இரண்டு பேரையும் சேர்த்து முடித்துவிடுவான் என்று பயந்தார்.

வேறு வழியில்லாமல் காசிமாயன் தன் மகளிடமே வந்தார். தாத்தாவை விட்டுவிட்டு, சிறு வயதிலிருந்தே ஆசை என்று மட்டும் சொல்லச் சொன்னார். வேல்விழி சரிப்பா என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். முதல் பிள்ளை உள்ளே போய் வந்தது. இரண்டாவது போய் வந்தது. மூன்றாவது போனபோது கதவிடுக்கில் பிரின்சிபால் மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நாலாவது பிள்ளை உள்ளே இருக்கும்போது பிரதீப் வெளியே வந்து காசிமாயனைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

"காசிண்ணா, இது முடிஞ்சதுமே பெங்களூர்க்காரரு லைனையும் ஒரு நடை பாக்கோணுங்கறாருங்க. டிராயரெல்லாம் தொறந்து பாப்பாரு. சுத்தமா இருக்கோணும், பாத்துக்கோங்க."

காசிமாயன் ஓடினார். ஐம்பது வயதுக்கு அது நல்ல ஓட்டம். டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்துச் சட்டைக்குள் செருகினார். மாத்திரையோடு வெளியே கொண்டுபோகலாம் என்றால் கேட்டில் செக்யூரிட்டி தடவிப் பார்ப்பான். பாத்ரூமில் கொட்டலாம் என்றால் உள்ளே ஆள். டப்பாவுக்குள் மாத்திரைகள் ஒவ்வோர் அடிக்கும் கலகலவென்று சத்தம் போட்டன. திரும்பி வந்தபோது பெஞ்சில் ஓரமாகக் கருத்தம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பை கண்ணில் பட்டது. தூக்குவாளிக்கு அடியில் டப்பாவைத் திணித்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டார்.

"வேல்விழி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சர்டிபிகேட் ஃபைல் அதில்தான் இருந்தது. காசிமாயன் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அப்படி ஒரு பயத்தை அவர் வாழ்க்கையில் பட்டதில்லை.  வேலை போனால் வீட்டு வாடகை, மகள் படிப்பு, ஊருக்குத் திரும்பிப் போனால் கேட்கப் போகிற பேச்சு எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்த நேரம் பார்த்து கேன்டீன் அப்புசாமி உள்ளே கொடுப்பதற்காக எலுமிச்சை ஜூஸ் தட்டோடு வந்தார். காசிமாயன் தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். ஜூஸைக் கொடுக்கிற சாக்கில் பையை எடுத்துக்கொண்டு வெளியேறுவது அவர் திட்டம்.

உள்ளே பிரின்சிபால் அன்புசெல்வி மேடம் களைத்துப்போன குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தாத்தாவுந்தானா கண்ணு?"

"இல்லீங்க மேடம். எங்க தாத்தா நல்லாருக்காரு" என்றாள் வேல்விழி.

மேடம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த ரூமில் ஒரு தாத்தாவாவது பிழைத்தாரே என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலை விண்ணென்று தெறிக்கிறது, முதலில் ஒரு தலைவலி மாத்திரை கிடைக்குமா என்று பிரதீப்பிடம் கேட்டார்.

பிரதீப் நிமிர்ந்தார். எதிரே தட்டோடு நின்ற காசிமாயனைப் பார்த்தார். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"காசிண்ணா, உங்க டப்பாவுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

சொல்லி முடித்ததும் பிரதீப்பின் முகம் வெளுத்தது.  பெங்களூர்க்காரரின் பேனா நின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாகக் கம்பெனி முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

"எந்த டப்பா?" என்று அவர் நல்ல தமிழில் கேட்டார்.

"பெருங்காயங்கய்யா" என்றார் காசிமாயன். 

வேல்விழி பைக்குள் கைவிட்டு, ஃபைலை எடுக்கும்போதே கையில் தட்டுப்பட்டிருந்த டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ரூம் முழுக்க ரசம் தாளித்த மாதிரி வாசனை பரவியது. மேடம் மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன மாத்திரை என்று காசிமாயனைக் கேட்டார். வெள்ளை மாத்திரை என்றார். பேர் என்ன என்று கேட்டார். பதினோரு வருஷமாகக் கொடுத்தும் தனக்கு அதன் பேர் தெரியாது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. 

"அது தலைவலி மாத்திரையே இல்ல மேடம். வெறும் கால்சியம்" என்றாள் வேல்விழி.

மேடம் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மாத்திரையை இரண்டாக உடைத்து எலுமிச்சை ஜூஸில் போட்டார். அது புஸ்ஸென்று நுரைத்தது. கால்சியம்தான் என்று மேடம் தலையை ஆட்டினார்.

வேல்விழி சொல்லத் தொடங்கினாள்.  பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். கேட்டுக்குப் பக்கத்தில் டெய்லர் அனுசுயா அக்கா குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாள். அந்த மாத்திரை தான் வாங்கிப் பிரித்துக் கொட்டியது. மெடிக்கலில் போய்க் கேட்டதற்கு, அது கடுமையான வலி மாத்திரை, வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் குடல் புண்ணாகிவிடும் என்றிருக்கிறார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு மேடம். சொல்லாம இருக்கவும் பயமா இருந்துச்சு. அதனால அடுத்த வாரத்துலேர்ந்து கால்சியம் மாத்திரையா வாங்கிக் கொட்டிட்டேன். ரெண்டு வருசமா இந்த டப்பாவுல இருக்கிறது அதான்."

காசிமாயனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பயம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. பதினேழு வயசுப் பிள்ளை, நாற்பது பேர் வயிற்றைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் பயந்திருக்கிறது. தான் என்னடா என்றால் ஒரு டிராயருக்குப் பயந்திருக்கிறோம்.

"ஆனா ஒண்ணுதான் புரியல மேடம்" என்றாள் அவள். "கால்சியம் போட்டா வலி நிக்காது. ஆனா அப்பா லைன்ல எல்லாருக்கும் நின்னுச்சு. பத்தே நிமிசம். ஒரு நாள்கூட ஒருத்தர்கூட வலி போகலன்னு சொன்னதில்ல. அது எப்படின்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் பார்மசி."

மேடத்துக்குத் தலைவலி பறந்துவிட்டது போலிருந்தது. "அதுக்குப் பேரே இருக்குது கண்ணு. மருந்து இல்லாத மாத்திரைகூட நம்பிக்கையில வேலை செய்யும். நீ வா, படிக்கலாம்" என்றார். பெங்களூர்க்காரர் நோட்டில் நீளமாக எழுதினார். டப்பாவைப் பறிமுதல் செய்தார். இனி சூப்பர்வைசர் கையில் மாத்திரையைக் கண்டால் ஆர்டரே கிடையாது, திங்கள் முதல் தினமும் நர்ஸ் இருக்க வேண்டும் என்றார். காசிமாயனுக்கு ஒரு மெமோ கிடைத்தது. மெமோவோடு விட்டார்களே என்று அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு இடம் முனீஸுக்குப் போனது. கடைசி ஆளாக உள்ளே போனதும் அவனுக்குத் தாத்தா மறந்துவிட்டது. சுற்றும் நாற்காலியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை காசிமாயன் தலை நிமிர்ந்து லைனுக்கு வந்தார். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். தன் லைனில் நடந்த அதிசயத்தைக் கண்டுபிடிக்கத் தன் மகள் நாலு வருஷம் படிக்கப் போகிறாள் என்றார். காலேஜ் மேடமே அசந்துபோனார் என்றார். சொல்லச் சொல்ல சனிக்கிழமை பட்ட வெட்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமையாக மாறிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு அனுசுயா நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். காசிமாயன் காலி டிராயரைத் திறந்து காட்டினார். டப்பா போய்விட்டது, நர்ஸ் ரூமுக்குப் போ, நர்ஸ் மத்தியானம்தான் வருமாம், அதுவரைக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

அனுசுயா போகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாத்திரை கெடக்குதுண்ணே, நான் வாந்தி எடுத்த அன்னைலேர்ந்து இந்த லைன்ல எவளும் அத முழுங்குனதே இல்ல. கரையுற வரைக்கும் பத்து நிமிசம் உக்காருன்னு சொல்லுவீகல்ல, அத மட்டும் சொல்லுங்க."